நீர், அமிலம், ஈதர்: முக்கோண வரைபடத்தைப் படிப்பது எப்படி?

செல்லுலோஸ் அசிடேட் தயாரிக்கும் ஆலைகளுக்கு ஒரு நிரந்தரத் தலைவலி உண்டு. வேலை முடிந்ததும் நீர் கலந்த அசிட்டிக் அமிலம் டன் கணக்கில் மிஞ்சும். அதில் அமிலம் கால் பங்கு இருக்கலாம், மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்கு. கொட்டினால் காசும் போகும், ஆறும் கெடும். அப்படியே திரும்பப் பயன்படுத்தவும் முடியாது.

காய்ச்சி வடித்தால் என்ன? நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது, அசிட்டிக் அமிலம் 118 டிகிரியில். பார்க்க நல்ல இடைவெளி மாதிரித்தான் தெரியும். ஆனால் நீர் மிகுந்த கலவையில் எழும் ஆவிக்கும் அடியில் இருக்கும் திரவத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அதனால் வடிகோபுரம் ஏகத்துக்கு உயரமாக வேண்டும். அது போதாதென்று, முதலில் ஆவியாகிப் போவது நமக்கு வேண்டாத நீர். ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறக்குறைய 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டும். வேண்டாத பொருளுக்கு விறகு எரிப்பதை எந்த ஆலையும் விரும்பாது.

அதனால் வேறு வழி. நீரோடு அவ்வளவாகச் சேராத, ஆனால் அமிலத்தைக் கரைக்கும் ஒரு திரவத்தைக் கலவையில் ஊற்றிக் குலுக்கினால், அமிலத்தில் ஒரு பகுதி அந்தத் திரவத்துக்குள் போய்விடும். இரண்டு அடுக்கும் பிரிந்தபின் மேலடுக்கை எடுத்துக்கொள்ளலாம். இதுதான் திரவ-திரவப் பிரித்தெடுத்தல். பாடநூல்களில் இதற்கு வழக்கமாக வரும் கரைப்பான் டைஐசோபுரோப்பைல் ஈதர். அதன் கொதிநிலை 68 டிகிரி சொச்சம். ஆவியாக்க நீருக்கு ஆகும் வெப்பத்தில் ஏழில் ஒரு பங்குகூட ஆகாது. கீழே வரும் கணக்கு முழுவதும் இந்த மூன்று பொருள்களோடுதான்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஈதர் காற்று பட்டபடி நாளானால் வெடிக்கக்கூடிய பெராக்சைடுகளை உண்டாக்கும். பழைய பாட்டிலின் மூடியைத் திருகுவதே ஆபத்து. வரைபடம் படிக்க அருமையான திரவம், விளையாட்டுக்கு ஆகாது.

சிக்கல் எங்கே

ஈதரும் நீரும் துளிகூடக் கலக்காதவை என்றால் முக்கோணமே தேவையில்லை. அமிலம் இரண்டுக்கும் இடையில் எந்த விகிதத்தில் பிரியும் என்று தெரிந்தால் போதும், ஒரு பெருக்கல் வகுத்தலில் வேலை முடிந்துவிடும். உண்மையில் 20 டிகிரியில் நீரடுக்கு 1.2 சதவீதம் ஈதரைக் கரைத்துக்கொள்கிறது. ஈதர் அடுக்கு 0.6 சதவீதம் நீரை. இதென்ன பெரிய அளவு என்று விட்டுவிடலாம் போலத்தான் இருக்கும். ஆனால் அமிலம் உள்ளே வந்ததும் நிலைமை மாறுகிறது. அமிலத்துக்கு இரண்டோடும் ஒட்டு உண்டு. அது கூடக்கூட நீரும் ஈதரும் ஒன்றுக்குள் ஒன்று மேலும் மேலும் கரைகின்றன. ஒரு கட்டத்தில் அடுக்கே பிரியாமல் ஒரே திரவமாகிவிடும்.

ஆக அமிலம் மட்டும் இடம் மாறவில்லை. நீரும் ஈதரும்கூட இடம் மாறுகின்றன, அடுக்குகளின் எடையும் மாறுகிறது. மூன்று பொருளையும் ஒரே நேரத்தில் கண்ணில் வைத்துக்கொள்ள ஒரு படம் வேண்டும். அதுதான் முக்கோணம்.

படத்தைப் போடுவோம்

சமபக்க முக்கோணம் ஒன்று வரையுங்கள். உச்சியில் அசிட்டிக் அமிலம், கீழே இடது மூலையில் நீர், வலது மூலையில் ஈதர். மூலை என்றால் அந்தப் பொருள் மட்டுமே, 100 சதவீதம். பக்கத்தின் மேல் ஒரு புள்ளி என்றால் அதன் இரு முனைப் பொருள்கள் மட்டும், மூன்றாவது அறவே இல்லை. உள்ளே எங்கே புள்ளி வைத்தாலும் மூன்றும் கலந்தது.

ஒரு புள்ளியில் அமிலம் எவ்வளவு என்று படிக்க, அமில மூலைக்கு எதிரே இருக்கும் அடிப்பக்கத்திலிருந்து அந்தப் புள்ளி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அடிப்பக்கத்தில் பூச்சியம், உச்சியில் நூறு. நீருக்கும் ஈதருக்கும் இதே முறை, அந்தந்த மூலைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து அளக்க வேண்டும். சமபக்க முக்கோணத்துக்குள் எந்தப் புள்ளியை எடுத்தாலும் மூன்று பக்கங்களிலிருந்தும் அதன் செங்குத்துத் தூரங்களைக் கூட்டினால் முக்கோணத்தின் உயரமே கிடைக்கும். மூன்று சதவீதமும் சேர்ந்து நூறாக இருப்பதை வடிவியல் தானாகவே பார்த்துக்கொள்கிறது. கிப்ஸ் முக்கோணம் என்று இதைச் சொல்வார்கள்.

தேர்வு அறையில் முக்கோணத் தாள் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். சாதாரண வரைபடத் தாளில் கிடை அச்சில் ஈதர், நிலை அச்சில் அமிலம் என்று செங்கோண முக்கோணமாகப் போட்டாலும் எல்லாம் அப்படியே செல்லும். நீர் என்பது நூறிலிருந்து கழித்தது. எனக்குக் கணக்குக்குச் செங்கோணம்தான் பிடிக்கும். சமபக்கம் பார்க்க அழகு, படிக்கக் கண் வலி.

இயற்கை போட்ட கோடுகள்

இந்த முக்கோணத்தில் இரண்டு வகைக் கோடுகள் வரும். ஒன்று இயற்கை போட்டது. ஆய்வகத்தில் அளந்துதான் தெரிந்துகொள்ள முடியும், நம் இஷ்டத்துக்கு நகர்த்த முடியாது. இன்னொன்று நாம் போடுவது. வெறும் எடைக் கணக்கு. எந்தக் கோடு எந்த வகை என்று பிரித்துப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

முதலில் இயற்கையின் கோடுகள். கூம்புக் குடுவையில் எடை தெரிந்த நீரையும் அமிலத்தையும் எடுத்துக்கொண்டு, பியூரெட்டிலிருந்து ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குகிறோம். முதலில் விழும் ஈதர் கரைந்து காணாமல் போகும், திரவம் தெளிவாகவே இருக்கும். ஒரு சொட்டில் திடீரென்று குடுவை மங்கும்; பின்னால் பிடித்த எழுத்து தெரியாது. ஈதருக்கு இனி இடமில்லை, இரண்டாவது அடுக்கு பிறக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த நேரத்துக் கலவையின் மூன்று சதவீதங்களையும் முக்கோணத்தில் ஒரு புள்ளியாக வையுங்கள். அமில அளவை மாற்றி மாற்றிச் செய்தும், ஈதர் பக்கத்திலிருந்து நீரைச் சொட்டவிட்டும் பல புள்ளிகள் சேர்த்து இணைத்தால் அடிப்பக்கத்தின் மேல் ஒரு குவிமாடம் கிடைக்கும். குவிமாடத்துக்கு வெளியே ஒரே திரவம், உள்ளே இரண்டு அடுக்கு.

இதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். குவிமாடம் மட்டும் வைத்துக்கொண்டு கணக்கு எதுவும் போட முடியாது. எந்த நீரடுக்கு எந்த ஈதர் அடுக்கோடு ஜோடி என்று அது சொல்வதில்லை. அதைச் சொல்வது டை லைன்.

பிரிபுனலில் மூன்றையும் போட்டு மூடிக் குலுக்கி, தலைகீழாகப் பிடித்துக் குழாயைத் திறந்து ஈதர் ஆவியின் அழுத்தத்தை அவ்வப்போது வெளியே விட்டு, பிறகு தாங்கியில் மாட்டிக் காத்திருக்க வேண்டும். ஈதர் லேசானது, மேலே நிற்கும். இரண்டு அடுக்கிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, நிறங்காட்டியாகப் பினாப்தலீன் விட்டு, சோடியம் ஹைட்ராக்சைடால் தரம் பார்த்தால் (அமிலத்தை நடுநிலையாக்க எவ்வளவு காரம் ஆகிறது என்று அளந்தால்) ஒவ்வொன்றிலும் எவ்வளவு அமிலம் என்று தெரியும். அந்த அமில அளவைக் குவிமாடத்தின் இடச் சரிவில் ஒரு புள்ளியாகவும் வலச் சரிவில் ஒரு புள்ளியாகவும் வைத்து நேர்கோட்டால் சேர்த்தால், அது ஒரு டை லைன்.

20 டிகிரியில் இந்த மூவருக்கும் அளந்த மதிப்புகள் பாடநூல்களில் கிடைக்கின்றன. அவற்றில் சில, எல்லாம் எடைச் சதவீதத்தில், அமிலம் / நீர் / ஈதர் என்ற வரிசையில்:

நீரடுக்கு 2.89 / 95.5 / 1.6, ஜோடி ஈதர் அடுக்கு 0.79 / 0.8 / 98.4
நீரடுக்கு 13.3 / 84.4 / 2.3, ஜோடி 4.82 / 1.9 / 93.3
நீரடுக்கு 25.5 / 71.1 / 3.4, ஜோடி 11.4 / 3.9 / 84.7
நீரடுக்கு 36.7 / 58.9 / 4.4, ஜோடி 21.6 / 6.9 / 71.5
நீரடுக்கு 46.4 / 37.1 / 16.5, ஜோடி 36.2 / 15.1 / 48.7

இந்த எண்களை நிதானமாகப் பாருங்கள். எல்லா வரியிலும் நீரடுக்கில்தான் அமிலம் அதிகம். அதனால் டை லைன்கள் படுக்கையாக இருக்காது. இடமிருந்து வலமாகச் சரியும். ஒன்றுக்கொன்று இணையாகவும் இருக்காது. முதல் வரியில் ஈதர் அடுக்கின் அமிலம் நீரடுக்கில் இருப்பதன் 0.27 பங்கு, மூன்றாவதில் 0.45, கடைசியில் 0.78. இந்த விகிதம்தான் பங்கீட்டு எண். ‘பங்கீட்டு எண் ஒரு மாறிலி’ என்று படித்தது இங்கே செல்லாது. மேலே போகப் போகக் கோடுகள் குட்டையாகின்றன. ஒரு புள்ளியில் இரு முனையும் ஒன்றாகிக் கோடே மறைந்துவிடும். அதைப் பிளெயிட் புள்ளி என்பார்கள். அங்கே இரண்டு அடுக்கும் ஒரே கலவை, அதனால் பிரித்தெடுக்க எதுவும் இல்லை.

ஓர் அடுக்கின் அமில அளவு தெரிந்தால் மற்ற எல்லாமே தெரிந்துவிடுகிறதே, அது எப்படி? கிப்ஸின் நிலைமை விதிதான் காரணம். மூன்று பொருள், இரண்டு அடுக்கு, வெப்பநிலையும் அழுத்தமும் முன்பே முடிவானவை என்றால் மிச்சம் இருக்கும் சுதந்திரம் ஒன்றே ஒன்று. அதை நாம் பிடித்துவிட்டால் மீதி ஐந்து சதவீதங்களும் தாமாக நின்றுவிடும். வெப்பநிலையை மாற்றினால் படமே வேறு. 20 டிகிரி முக்கோணத்தை வைத்துக்கொண்டு 40 டிகிரியில் ஓடும் கோபுரத்துக்குக் கணக்குப் போடக்கூடாது.

நாம் போடும் கோடுகள்

சரி, இனி நம் பங்கு. 35 சதவீத அமிலம், 65 சதவீத நீர் உள்ள ஃபீட் (பிரிப்பதற்காக உள்ளே விடும் கலவை) 100 கிலோ எடுத்துக்கொள்வோம். படத்தில் அது இடப்பக்கத்தின் மேல், 35 உயரத்தில் ஒரு புள்ளி. சுத்த ஈதர் வலது மூலை. இரண்டையும் கலந்தால் கிடைக்கும் கலவை, இந்த இரண்டு புள்ளிகளையும் சேர்க்கும் நேர்கோட்டின் மேல்தான் எங்கோ இருக்கும். எங்கே என்பதை எடை சொல்லும். பழைய சந்தைக் கடைகளின் தூக்குக்கோல் மாதிரிதான்: எந்தப் பக்கம் எடை அதிகமோ அந்தப் பக்கம் கை குட்டை. நெம்புகோல் விதி என்பது இவ்வளவுதான்.

100 கிலோ ஈதர் ஊற்றுகிறோம் என்று வைப்போம். இருபுறமும் சம எடை, ஆகவே கலவைப் புள்ளி நட்டநடுவில்: அமிலம் 17.5, நீர் 32.5, ஈதர் 50. மொத்தம் 200 கிலோ.

இந்த இடத்தில்தான் பலருக்கும் சறுக்கும். 17.5 சதவீத அமிலமுள்ள அந்தத் திரவம் பாத்திரத்தில் எந்த மூலையிலும் இல்லை. மேலே குழாய் வைத்து எடுத்தாலும் வராது, கீழே எடுத்தாலும் வராது. கலவைப் புள்ளி ஒரு கணக்குச் சராசரி, அவ்வளவே. அது குவிமாடத்துக்குள் விழுந்திருப்பதால் பாத்திரத்தில் உண்மையில் இருப்பவை அந்தப் புள்ளி வழியாகப் போகும் டை லைனின் இரண்டு முனைகள்.

எந்த டை லைன்? மேலே உள்ள மூன்றாவது ஜோடியைப் பாருங்கள். அந்தக் கோட்டில் ஈதர் 50 ஆகும் இடத்தில் அமிலம் 17.4 வருகிறது. நம் புள்ளி கிட்டத்தட்ட அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. (கணக்கு சுலபமாக வரட்டும் என்று ஃபீட்டை 35 என்று வைத்தேன், மறைக்க ஒன்றுமில்லை.) ஆகவே ஈதர் அடுக்கில் 11.4 சதவீத அமிலம். இதற்குப் பெயர் எக்ஸ்ட்ராக்ட். நீரடுக்கில் 25.5 சதவீதம். அது ராஃபினேட்.

எடைகளுக்கு மீண்டும் நெம்புகோல் விதி, இந்த முறை டை லைனின் மேல். கலவையின் ஈதரிலிருந்து ராஃபினேட்டின் ஈதரைக் கழித்தால் 50 − 3.4 = 46.6. முழுக் கோட்டின் நீளம் 84.7 − 3.4 = 81.3. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.573. அதாவது 200 கிலோவில் எக்ஸ்ட்ராக்ட் சுமார் 115 கிலோ, ராஃபினேட் 85 கிலோ. 115 கிலோவில் 11.4 சதவீதம் என்றால் 13 கிலோ அமிலம்.

35 கிலோவில் 13 கிலோதானா என்று ஏமாற்றமாக இருக்கும். இருக்கட்டும். இன்னொன்றைக் கவனியுங்கள். அந்த எக்ஸ்ட்ராக்டிலிருந்து ஈதரை ஓட்டிவிட்டால் மிஞ்சுவது 11.4 பங்கு அமிலமும் 3.9 பங்கு நீரும். அதாவது ஏறக்குறைய 75 சதவீத அமிலம். 35 ஆக உள்ளே போனது, ஒரே குலுக்கலில் 75 ஆகிவிட்டது. அமிலத்துக்கு நீரடுக்கே பிடித்திருந்தாலும், ஈதருக்கு நீரைச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. லாபம் அங்கேதான் வருகிறது. கரைப்பானைத் தேர்ந்தெடுக்கும்போது ‘எவ்வளவு அமிலம் எடுக்கிறது’ என்பதோடு ‘எவ்வளவு நீரைக் கூட இழுத்து வருகிறது’ என்றும் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்வியைத்தான் தொடக்கத்தில் எல்லோரும் மறப்பார்கள்.

ஈதரைக் குறைத்தோ கூட்டியோ பார்க்கலாமா? கலவைப் புள்ளி அதே நேர்கோட்டில் முன்னும் பின்னும் நகரும். ஈதர் 4 கிலோ அளவில் இருந்தால் புள்ளி குவிமாடத்துக்குள்ளேயே நுழையாது, அடுக்கு பிரியாது. மறுபக்கம், 9,000 கிலோவுக்கு மேல் ஊற்றினால் எல்லா நீரும் ஈதரிலேயே கரைந்து மீண்டும் ஒரே திரவம். அவ்வளவு ஈதரை யாரும் ஊற்றப்போவதில்லை, ஆனால் எல்லை என்று ஒன்று இருப்பதைப் படம் காட்டுகிறது.

மீதி அமிலத்தை எடுக்க

கைவசம் 85 கிலோ ராஃபினேட் இருக்கிறது, அதில் 25.5 சதவீத அமிலம். அதில் புதிதாக 85 கிலோ ஈதர் விட்டுக் குலுக்கலாம். ராஃபினேட் புள்ளியையும் ஈதர் மூலையையும் சேர்த்து நடுப்புள்ளியை எடுத்தால் புதிய கலவை: அமிலம் 12.75, ஈதர் 51.7. இந்த முறை தயாராக ஒரு டை லைன் கிடையாது; இரண்டாவது, மூன்றாவது ஜோடிகளுக்கு நடுவில் விழுகிறது. இப்படி வரும்போது ராஃபினேட்டில் ஓர் அமில அளவை ஊகித்து, அதற்கு ஜோடியான எக்ஸ்ட்ராக்டை மேலும் கீழும் உள்ள எண்களுக்கு இடையில் கணித்து, இரண்டையும் சேர்க்கும் கோடு கலவைப் புள்ளி வழியாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். போகவில்லை என்றால் ஊகத்தை நகர்த்துங்கள். இங்கே ராஃபினேட் சுமார் 19, எக்ஸ்ட்ராக்ட் சுமார் 8 சதவீதம் வரும்.

இப்படியே தொடரலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் எக்ஸ்ட்ராக்ட் இளைத்துக்கொண்டே போகிறது, ஈதர் செலவோ குறையவில்லை. அத்தனை ஈதரையும் பிறகு கொதிக்க வைத்து மீட்க வேண்டும். ஆலைகளில் அதனால்தான் எதிரோட்டமாக விடுகிறார்கள்: ஃபீட் ஒரு முனையில் நுழையும், சுத்த ஈதர் மறு முனையில். அமிலம் வற்றிய ராஃபினேட்டைப் புது ஈதர் சந்திக்கும். ஏற்கெனவே அமிலம் ஏறிய ஈதர், வெளியேறும் முன் புது ஃபீட்டைச் சந்திக்கும்.

இதற்கு முக்கோணத்தில் வழி சொன்னவர்கள் ஹண்டரும் நாஷும், 1934இல். யோசனை எளிது. ஒரு முறை கலந்து அடுக்கு பிரிப்பது ஒரு கட்டம். எதிரோட்டத் தொடரை எந்த இரு கட்டங்களுக்கு நடுவில் வெட்டினாலும், வலப்பக்கம் போகும் திரவத்திலிருந்து இடப்பக்கம் வரும் திரவத்தைக் கழித்தால் எப்போதும் ஒரே விடை. தொடக்கத்தில் ஃபீட் கழித்தல் முதல் எக்ஸ்ட்ராக்ட், கடைசியில் இறுதி ராஃபினேட் கழித்தல் ஈதர், இரண்டும் சமம். கூட்டல் ஒரு நேர்கோட்டுக்குள் விழுவது போலக் கழித்தல் அதே நேர்கோட்டை வெளியே நீட்டிய இடத்தில் விழும். ஆகவே ஃபீட்டையும் முதல் எக்ஸ்ட்ராக்டையும் சேர்க்கும் கோட்டையும், இறுதி ராஃபினேட்டையும் ஈதர் மூலையையும் சேர்க்கும் கோட்டையும் நீட்டினால், முக்கோணத்துக்கு வெளியே ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். அதை டெல்டா புள்ளி என்பார்கள். கலவைப் புள்ளியே இல்லாத திரவம் என்றால், டெல்டா அதையும் தாண்டியது. சில சதவீதங்கள் எதிர்மமாகக்கூட வரும். பயப்பட வேண்டாம், அதுவும் கணக்குதான்.

கட்டங்களை எண்ணுவது இப்போது மாறி மாறிக் கோடு போடும் வேலை. முதல் எக்ஸ்ட்ராக்டிலிருந்து டை லைன் வழியாக முதல் ராஃபினேட்டுக்குப் போங்கள். இது இயற்கையின் கோடு. அங்கிருந்து டெல்டாவுக்குக் கோடு போட்டால் அது எக்ஸ்ட்ராக்ட் பக்கச் சரிவில் வெட்டும் இடம் இரண்டாவது எக்ஸ்ட்ராக்ட். இது நம் கோடு. மறுபடி டை லைன், மறுபடி டெல்டா. வேண்டிய அளவுக்கு ராஃபினேட்டில் அமிலம் குறையும்வரை எத்தனை டை லைன் போட்டீர்களோ அத்தனை கட்டம். ஈதரைக் குறைத்துக்கொண்டே வந்தால் டெல்டா நகரும். ஒரு நிலையில் டெல்டா கோடு ஒரு டை லைனின் மேலேயே படுத்துக்கொள்ளும். அப்போது போன வழியே திரும்பி வந்து நிற்போம், எத்தனை கட்டம் வைத்தாலும் நகராது. அதுதான் குறைந்தபட்ச ஈதர். ஆலையில் அதைப் போல ஒன்றேகால், ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்வது வழக்கம்.

எத்தனை கட்டம் சேர்த்தாலும் தாண்ட முடியாத கூரை ஒன்றும் இந்தப் படத்தில் இருக்கிறது. ஈதர் மூலையிலிருந்து குவிமாடத்தின் வலச் சரிவைத் தொட்டுக்கொண்டு போகும்படி ஒரு தொடுகோடு வரைந்து, நீர்-அமிலப் பக்கம்வரை நீட்டுங்கள். அது போய் முட்டும் இடம்தான் ஈதரை ஓட்டியபின் கிடைக்கக்கூடிய உச்ச அமிலச் செறிவு. மேலே உள்ள நான்காவது ஜோடியில் 21.6 பங்கு அமிலத்துக்கு 6.9 பங்கு நீர். கணக்கிட்டால் 76 சதவீதத்தை ஒட்டி வரும். அதைவிட அமிலம் மிகுந்த ஜோடிகளில் விகிதம் மறுபடி இறங்குகிறது. சாதாரண எதிரோட்டத்தில் இந்த ஈதரால் 76ஐத் தாண்ட முடியாது. மீதி நீரை வடித்துத்தான் ஆக வேண்டும், அல்லது வேறு கரைப்பான் தேட வேண்டும். எத்தில் அசிடேட்டும் இந்த வேலைக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. அதன் முக்கோணம் வேறு, குவிமாடம் வேறு.

எல்லா முக்கோணத்திலும் குவிமாடம்தான் வரும் என்றும் இல்லை. அனிலீன், ஹெப்டேன், மெத்தில்சைக்ளோஹெக்சேன் மூன்றையும் 25 டிகிரியில் எடுத்தால் அனிலீன் மற்ற இரண்டோடுமே முழுக்கக் கலப்பதில்லை. அங்கே இரண்டடுக்குப் பகுதி, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை பட்டையாகப் போகும். பிளெயிட் புள்ளி கிடையாது. கோடு போடும் முறையில் மாற்றம் ஏதும் இல்லை.

நீங்களே போட்டுப் பார்க்க விரும்பினால், மேலே உள்ள ஐந்து ஜோடிகளையும் செங்கோணத் தாளில் குறித்து, 30 சதவீத ஃபீட்டில் தொடங்குங்கள். அமிலம் 3 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் புள்ளிகள் எல்லாம் மூலையில் நெருக்கியடித்துக்கொள்ளும், பென்சில் முனையே ஒரு சதவீதத்தை மறைக்கும். அந்த மூலையை மட்டும் பெரிதாக்கித் தனித் தாளில் போட்டுக்கொள்ளுங்கள். அல்லது அங்கே அடுக்குகளின் நீரும் ஈதரும் அதிகம் மாறுவதில்லை என்பதால், தொடக்கத்தில் சொன்ன பெருக்கல் வகுத்தலே போதும்.